விக்டோரியாவின் வண்டி

மெக்கானிக் டெனிஷ் ஸ்கேனரைக் கழற்றிவிட்டு, காரோட கம்ப்யூட்டர் போயிட்டு என்று சொன்னதும் ஜினிஷாவுக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது.

முகத்தை மட்டும் வாட்டமாக வைத்துக்கொண்டாள்.

எஞ்சினுக்கு மூளையே அந்தப் பெட்டிதானாம். ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, பெட்ரோல் இருக்கிறது, பியூஸ் சரி, எர்த் வயரும் சரி. ஸ்கேனர் கூப்பிட்டால் பெட்டியிலிருந்து பதில்தான் இல்லை. பதினெட்டு வருசத்துப் பழைய கார். இதுக்குப் புதுப் பெட்டி இனி எங்கேயும் வராது என்று டெனிஷ் கையை விரித்தான்.

அப்பாடா. ஒழிந்தது சனியன்.

பெட்டி கிடைக்காவிட்டால் இரும்புக்கடைக்குத் தள்ளிவிடலாம் என்று அவள் புருசன் ஞானதாசன் நேற்று ராத்திரி தன் வாயாலேயே சொல்லியிருந்தார். இப்போது அவர் கருங்கல் ஊரிலிருந்த ஒர்க்‌ஷாப்பின் தகரக் கூரைக்குக் கீழே, பேனட்டில் ஒரு கையை வைத்துக்கொண்டு நின்றார்.

காய்ச்சல்காரி நெற்றியில் வைப்பது போல அல்லவா வைத்திருக்கிறார், பாரேன்.

முதல் மனைவி விக்டோரியா செத்து ஏழு வருசம். ஜினிஷா இரண்டாவதாக அந்த வீட்டுக்கு வந்து ஐந்து வருசம். கட்டில் மாறியது, சுவரில் பெயிண்ட் மாறியது, விக்டோரியாவின் போட்டோகூட மாடி அறைக்குப் போய்விட்டது. கார் மட்டும் அசையவில்லை. சர்ச் வாசலில் போய் நின்றால் விக்டோரியா டீச்சர் வண்டி வந்தாச்சு என்பார்கள். அதிலிருந்து இறங்குகிறவள் யாரென்று ஒருத்தர் கண்ணுக்கும் தெரியாது.

முன்சீட்டில் உட்கார்ந்தால் அவளுக்கு முழங்கால் இடிக்கும். விக்டோரியா குட்டை. சீட்டைப் பின்னால் தள்ளித் தாருங்கள் என்றால் லீவர் துருப்பிடித்துவிட்டது என்பார் ஞானதாசன். ஐந்து வருசமாக அந்தத் துருவை எடுக்க இந்த ஜில்லாவில் ஒரு மெக்கானிக் பிறக்கவில்லை.

உயிரோடு இருக்கிறவள் என்றால் நாலு வார்த்தை கேட்டுவிடலாம். செத்தவளோடு போட்டி போட்டு ஜெயித்தவள் உண்டா? நினைக்க நினைக்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சந்தோசம் ஐந்து நிமிசம்தான்.

டெனிஷ் உள்ளே போய் செய்தித்தாள் சுற்றிய ஒரு பொட்டலத்தோடு வந்தான். நேற்றே அவனுக்குச் சந்தேகமாம். மார்த்தாண்டம் பக்கம் பழைய வண்டி உடைக்கிற இடத்தில் சொல்லிவைத்து, இதே மாடல் காரின் பெட்டியைச் சாவியோடு எடுத்து வைத்திருக்கிறான். எடுத்துப் போட்டவன் கட்டையில் போக என்று ஜினிஷா மனதுக்குள் சபித்தாள்.

சாவியாவது மாறுமே என்று பார்த்தால் அதுவும் இல்லை. அந்தப் பெட்டி அடையாளம் பார்க்கிற, அதன் சாவிக்குள் இருந்த அரிசிமணி அளவு சில்லைத் தோண்டியெடுத்து, ஸ்டியரிங்குக்கு அடியில் பசை போட்டு ஒட்டினான். இனிப் புதுப் பெட்டி பழைய சாவிக்கே மசியுமாம். விக்டோரியாவின் சாவி ஞானதாசன் கையிலேயே இருந்தது.

அவர் திருகினார். ஒரே முறுக்கில் வண்டி உறுமியது.

ஞானதாசன் சிரித்தார். கல்யாண ஆல்பத்தில்கூட அவர் இப்படிச் சிரித்து ஜினிஷா பார்த்ததில்லை. வயிறு எரிந்தது அவளுக்கு.

புதுப் பெட்டி இன்னும் டேஷ்போர்டுக்கு அடியில் வயரோடு தொங்கிக்கொண்டிருந்தது. அதைத் திருகி முடுக்குவதற்கு முன்னால், எதனால் போச்சு என்று பார்த்துவிடலாமே என்று டெனிஷ் பழைய பெட்டியின் நாலு திருகாணியையும் கழற்றினான். உள்ளே பச்சைக் களிம்பு. ஓரமெல்லாம் வெள்ளையாகப் பூத்திருந்தது. விரலால் சுரண்டி நாக்கில் வைத்துப் பார்த்தான்.

"உப்பு. இதுக்க உள்ள எப்பிடி அண்ணா உப்புத்தண்ணி கேறிச்சு?"

ஜினிஷா ஓர் அடி பின்னால் நகர்ந்தாள்.

ஊற்றியது அவள்தான். இறந்தவள் இருக்கிற இடத்தில் வெள்ளிக்கிழமைதோறும் கரைத்து ஊற்று, இறங்கிப் போய்விடுவாள் என்று ஜெபவீட்டு அக்கா ஒரு பை கல்லுப்பு ஜெபித்துக் கொடுத்திருந்தாள். விக்டோரியாவின் சீப்பும் கைக்குட்டையும் இன்னும் கிடக்கிற டேஷ்போர்டு அறைதான் அவள் இருக்கிற இடம் என்று ஜினிஷா முடிவு செய்தாள். வாரம் ஒரு டம்ளர். ஏழு வெள்ளிக்கிழமை. அதற்கு நேர் கீழேதான் காரின் மூளை இருக்கிறது என்று அவள் கண்டாளா?

அவள் வாயைத் திறப்பதற்குள் ஞானதாசன் சொன்னார்.

"போன மாசம் குளச்சலுக்குப் போனேம்லா மக்கா. கடப்புறத்துல நிறுத்தியிருந்தேன். அலை கேறி அடிச்சிட்டு."

டெனிஷ் நம்பிவிட்டான். ஜினிஷா நம்ப முடியுமா? குளச்சலில்தான் விக்டோரியாவை அடக்கம் செய்தது. அன்றிலிருந்து ஞானதாசன் அந்தத் திசைக்கே வண்டியைத் திருப்பியதில்லை.

சனிக்கிழமை காலைகளில் அவர் காரின் மிதியடியை எடுத்து மதிலில் காயப்போடுவதை அவள் பார்த்திருக்கிறாள். மழை ஒழுகுகிறது என்று நினைத்துக்கொள்கிறார், விவரம் கெட்ட மனுசன் என்று அடுக்களையில் நின்று சிரித்தும் இருக்கிறாள்.

இப்போது தலையை நிமிர்த்த முடியவில்லை. இதற்குப் பதில் அவர் நாலு பேர் முன்னால் ஒரு அறை கொடுத்திருக்கலாம்.

டெனிஷ் புதுப் பெட்டியை முடுக்கக் குனிந்தான். ஞானதாசன் அவன் தோளைத் தொட்டு நிறுத்தினார்.

"நல்ல பிளாஸ்டிக் கவருல பொதிஞ்சு, கொஞ்சம் மேல தூக்கி வை மக்கா. அலை இன்னும் அடிக்கும்."

சொல்லும்போது அவர் ஜினிஷா பக்கம் பார்க்கவே இல்லை.