அன்னாவுக்குக் குளிர்

அன்னா தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தாள். கண் மூடியிருந்தது, உடம்பில் அசைவில்லை. க்வென் பதறவில்லை. உறையாத சர்க்கரைத் தண்ணீர்க் குப்பியைப் பக்கத்துக் கிளையில் மாட்டிவிட்டு, "தூங்குடி தங்கம்" என்றாள்.

கட்டைவிரல் அளவு ரீங்காரச் சிட்டுதான். குளிருக்குப் பயந்து தெற்கே ஓடாமல் இந்த விக்டோரியா நகரத்திலேயே தங்கிவிடும் இந்த இனத்துக்கே அன்னா என்று பெயர். கடுங்குளிர் ராத்திரியில் செத்ததுபோல் கிடந்து, வெயில் வந்ததும் சிலிர்த்துக்கொண்டு எழும். 'எழும்' என்று நான் எழுதியது க்வென் கண்ணில் படக்கூடாது. "அவள்னு சொல்லுங்க. அதுன்னு சொல்றதுக்கு அவ என்ன நாற்காலியா?" என்று எரிந்து விழுவாள்.

அந்தத் தெருவில் பறவை விஷயத்தில் அவள் வைத்ததுதான் சட்டம். தெரியாத ஜனங்கள் பறவையைத் தூக்கிப்போய்க் கணப்படுப்போரம் வைத்துக் கொன்றுவிடுகிறார்களே என்று அவளுக்கு ஆற்றாமை. 'குளிரில் அன்னாவுக்கு ஏதாவது ஆனால் முதலில் என்னைக் கூப்பிடுங்கள் - க்வென்' என்று வீட்டுக்கு வீடு சீட்டு போட்டிருந்தாள். மேட்டு வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த கிழவருக்கும் போட்டாள்.

போன் அடித்தது.

"க்வென்தானே? மேட்டு வீட்டு ஐனோ பேசறேன். உங்க சீட்டைப் பாத்துத்தான் கூப்பிடறேன். அன்னா தோட்டத்துல கிடக்கறா! அசையவே மாட்டேங்கறா!"

"பதறாதீங்க. மூச்சு இருக்கா?"

"இருக்கு, ரொம்ப லேசா. ராத்திரி கதவைச் சரியா சாத்தல போல. எப்ப வெளிய போனாள்னே தெரியல."

"அப்ப வீட்டுக்குள்ளயா வச்சிருந்தீங்க?" க்வென்னின் குரல் ஏறியது. "அது சட்டப்படி குத்தம், தெரியுமா?"

"குத்தமா? ஐயோ, அவ என்னோட..."

"உங்களோட என்னோடன்னு யாருக்கும் சொந்தமில்ல! தொடாதீங்க. தூக்காதீங்க. உள்ள கொண்டுபோகாதீங்க. திடீர்னு சூடு பட்டா தாங்க மாட்டா. வெயில் வந்ததும் தானா எழுந்துக்குவா."

"நீலம் பாரிச்சிருக்காளே!"

"அவ நிறமே ஆளை ஏமாத்தும். விடிகாலை வெளிச்சத்துல அப்படித்தான் தெரியும்."

"ஒரு போர்வையாவது..." கிழவர் அழுதேவிட்டார்.

"கூடாதுன்னா கூடாது! இதோ நானே வர்றேன்."

வெதுவெதுப்பான குப்பி ஒன்றைக் கோட்டுக்குள் அணைத்துக்கொண்டு க்வென் மேடு ஏறினாள். பனிக்கட்டி வழுக்கியது. விழுந்தாள், எழுந்தாள், மறுபடியும் விழுந்தாள். முழங்கால் வலியைவிட, அந்த மனுஷன் அவசரப்பட்டுத் தூக்கிவிடப் போகிறானே என்ற பயம்தான் அவளை விரட்டியது.

தோட்டக் கதவு திறந்தே கிடந்தது. ஐனோ வெறும் சட்டையோடு பனியில் மண்டியிட்டிருந்தார். கழற்றிய கோட்டும் ஒரு போர்வையும் அவர் மடியிலேயே மடித்தபடி இருந்தன.

பறவையைத் தேடிய க்வென்னின் கண்ணில் முதலில் பட்டது வீட்டுச் செருப்பு ஒன்று. அப்புறம் இரவு உடையின் ஓரம். அப்புறம், பனி படிந்து கிடந்த நரைத்த தலைமுடி. நீலம் பாரித்த உதட்டோரம் நூலாக ஆவி வந்துகொண்டிருந்தது.

அணைத்திருந்த குப்பி நழுவி விழுந்தது.

கிழவர் நிமிர்ந்தார். அவளைப் பார்த்ததும் அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"நீங்க சொன்னபடியே நான் தொடவே இல்ல, நர்ஸம்மா."