ஒரு கைப்பிடி உமி

கையுறை போட்ட கையால் ஒரு பிடி உமியை அள்ளினாள்.

ஆண் எலியின் கூண்டில் ஒரு வாரமாகக் கிடந்த உமி. நனைந்து, காய்ந்து, மறுபடி நனைந்து மஞ்சளேறிப் போனது. அதைப் பெண் எலிகளின் கூண்டில் தூவினாள்.

ஐந்தும் ஓடி வந்தன. உமிக்குள் மூக்கை விட்டன.

திருச்சிக்கு வெளியே இருக்கும் ஆராய்ச்சி நிலையத்தின் விலங்குக்கூடம் அது. அங்கே அவளுக்கு ஏழு வருட வேலை. புது மருந்தா, எலி. புது தடுப்பூசியா, அதற்கும் எலி. எலி வேண்டுமென்றால் குட்டி வேண்டும். குட்டி வேண்டுமென்றால் முதலில் இந்த உமி வேண்டும்.

ஆண் வாடையே படாமல் பெண்களை மட்டும் ஒன்றாக அடைத்துவைத்தால், நாளடைவில் உடம்பு தன் பருவத்தை மறந்துவிடும்.

ஆண் வரவேண்டியதுகூட இல்லை. வாடை வந்தால் போதும். மூன்றாம் நாள் உடம்பு விழித்துக்கொள்ளும்.

ஆய்வு மாணவர்கள் இதற்கு வாயில் நுழையாத பெயர் ஒன்று வைத்திருக்கிறார்கள். அவள் கூண்டு அட்டையில் "ஆணின் அழுக்கு உமி, முதல் நாள்" என்று எழுதுவாள். யாராவது கேட்டால் உரக்கவே சொல்வாள். இதில் என்ன கூச்சம், வேலைதானே.

அவளுக்கென்று ஒரு வாடையும் இருக்கக் கூடாது. எலிகள் மிரளும். பூ கூடாது, பவுடர் கூடாது, மணமில்லாத சோப்பில் குளித்துவிட்டுத்தான் உள்ளே நுழைய வேண்டும்.

லீவு நாளில்கூட அவள் பூ வைப்பதில்லை. யார் பார்க்க என்று விட்டுவிட்டாள்.

புருஷன் செங்குட்டுவன் மஸ்கட் போய் இரண்டு வருடம் மூன்று மாதம் ஆகிறது. பெயர்தான் ராஜா பெயர். அங்கே ஒரு கிடங்கில் பெட்டி தூக்கும் வண்டி ஓட்டுகிறான். லீவு இதோ அதோ என்று தள்ளிக்கொண்டே போகிறது.

மஸ்கட்டுக்குக் கிளம்பிய அன்று அவன் கழற்றிப் போட்ட சட்டையை அவள் துவைக்கவில்லை. பாலித்தீன் கவரில் சுற்றி, பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் வைத்தாள். மாமியார் கண்ணில் படாமல் வாரத்துக்கு ஒருமுறை எடுப்பாள். அப்புறம் தினமும் எடுத்தாள்.

முகர முகரத் தீர்ந்துபோனது. பதினோராம் மாதம் அது வெறும் சட்டை.

அன்றைக்குத்தான் அவன் நிஜமாகவே ஊரில் இல்லை என்று பட்டது. சமையலறையில் நின்று அழுதாள். வெங்காயம் இருந்ததால் தப்பித்தாள்.

போன மாதம் போனில் கேட்டேவிட்டாள்.

"நீங்க போட்ட சட்டை ஒண்ணு குடுத்து விடுங்க."

"பழசு எதுக்கு? உனக்குப் புதுசா என்ன வேணும், அதக் கேளு."

"பழசுதான் வேணும்."

இன்னும் ஒரு சொல் சொல்ல வேண்டியிருந்தது. துவைக்காமல். தொண்டைவரை வந்தது. பக்கத்தில் மாமியார் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். வந்த சொல் வந்த வழியே திரும்பிவிட்டது.

அந்தச் சட்டை இன்றைக்கு வருகிறது. அவனோடு ஒரே அறையில் தங்கியிருக்கும் ஜமால் லீவில் ஊருக்கு வருகிறான். மத்தியானம் வீட்டில் கொடுத்துவிட்டுப் போவதாகச் சொல்லியிருந்தான்.

கடைசிக் கூண்டுக்கும் உமி தூவினாள். மூக்கை எடுக்க மனமில்லாமல் கிடந்தன எல்லாம்.

"ஒங்களுக்கென்னடி" என்றாள், முகமூடிக்குள்.

வீட்டுக்குப் போனபோது நடுக்கூடத்தில் அட்டைப்பெட்டி இருந்தது. மாமியார் பிரிக்காமல் காத்திருந்தாள். அந்த மட்டுக்கும் நல்லவள்.

மேலாகவே இருந்தது சட்டை. நீலக் கட்டம் போட்டது. சலவை செய்து, இஸ்திரி போட்டு, காலர் மடங்காமல் அட்டை வைத்து மடித்திருந்தான்.

முகத்தருகே கொண்டுபோனாள்.

சோப்புத்தூள் வாசம். தெருமுனைக் கடையில் விற்கிற அதே சோப்புத்தூள்.

"பாத்தியா, எம்புள்ள எவ்ளோ சுத்தம்னு" என்றாள் மாமியார்.

அவள் சட்டையை மடிப்புக் கலையாமல் ஓரமாக வைத்தாள்.

பேரீச்சம்பழம், மிட்டாய், தைலம் என்று ஒவ்வொன்றாக வெளியே வந்தது. எல்லாவற்றுக்கும் அடியில் கண்ணாடித் தம்ளர் ஆறு. உடையாமல் இருக்க எதையோ வைத்துச் சுற்றியிருந்தான். அவசரத்தில் கைக்கு அகப்பட்டதை எடுத்திருக்க வேண்டும்.

வேலைக்குப் போட்டுக்கொண்டு போகிற பனியன். கழுத்தோரம் மஞ்சள். அக்குளில் உப்புப் பூத்த வட்டம்.

"ச்சீ, அந்தக் கந்தலக் கொண்டுபோயி வாளில ஊறப்போடும்மா. வீடே நாறுது."

"சரி அத்தை."

குளியலறைக்குப் போய்த் தாழ்ப்பாள் போட்டாள். குழாயைத் திறந்துவிட்டாள்.

வாளி நிறைந்தது. வழிந்தது. வெகுநேரம் வழிந்துகொண்டே இருந்தது.

பனியன் நனையவில்லை.

ஏழு மணிக்கு அவன் கூப்பிட்டான்.

"சாமான் வந்துச்சா? சட்டைய நல்லா தொவைச்சு இஸ்திரி போட்டுத்தான் குடுத்து விட்டேன்."

"ம். வந்துச்சு."

"தம்ளர் ஒண்ணும் ஒடையலயே?"

"ஒடையல." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள். "இன்னும் ஆறு வேணும்."

"வீட்டுல இருக்கறதே ரெண்டு பேரு. பன்னெண்டு தம்ளர வச்சு என்ன பண்ணப்போற?"

மாமியார் டிவியின் சத்தத்தைக் குறைத்தாள்.

"வேணும்" என்றாள். "இதே மாதிரி சுத்தி அனுப்புங்க."

அந்தப் பக்கம் பேச்சே இல்லை. லைன் போய்விட்டதோ என்று போனை எடுத்துப் பார்த்தாள்.

போகவில்லை. விநாடிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன.