பச்சை எரிந்தால்

பூட்டு மறுபடியும் கீச்சிட்டது.

கதவைத் திறந்துவைத்து, புதிய பேட்டரிகளோடு அவன் வாசலில் நின்றான்.

"தம்பி, மூணு நாளா உங்க கதவு கோழிக்குஞ்சு மாதிரி கத்துது. அதுக்கு இரை போடுங்களேன்." எதிர் வீட்டு மெர்சி அக்கா, குப்பைக் கூடையோடு.

"இதோ, போட்டுடறேன்க்கா."

அவர் படியிறங்கும்வரை அவன் அசையவில்லை.

பூட்டின் வெளிமுகத்தில் இரண்டு சிறு விளக்குகள். ஒன்று அவனுடையது. பச்சை. வீட்டில் இருக்கிறான்.

மற்றது அவன் மனைவியுடையது. ஆரஞ்சு.

இந்தப் பூட்டை வடிவமைத்தவள் அவள். இது விற்பனைக்கு வருவதற்கு முன், செய்துபார்த்த முதல் பூட்டை இந்தக் கதவில்தான் மாட்டினாள். வெளியே போகிறவர் கட்டைவிரலை வைத்தால் அவருடைய விளக்கு நிறம் மாறும்; திரும்பி வந்து வைத்தால் கதவு திறந்து, மறுபடி பச்சையாகும். அலுவலகத்தில் சிவப்பு என்றார்கள். அவள் ஒப்பவில்லை.

சிவப்பு என்றால் போய்விட்டார். வீட்டிலிருந்து கிளம்புகிற யார் அப்படிச் சொல்வார்கள்? போயிட்டு வரேன் என்றுதானே சொல்கிறோம்.

அதனால் ஆரஞ்சு.

அவனுக்கென்று தனியாக ஒரு விதியும் வைத்திருந்தாள். "என்னோடது பச்சையா எரிஞ்சா நீயா தொறந்துக்கிட்டு வராதே. மணி அடி. நான் வந்து தொறக்கறேன்."

கீழே ஆம்புலன்ஸ் காத்திருந்த அன்றும், அவன் தோளில் சாய்ந்தபடி கையை நீட்டிக் கட்டைவிரலை வைத்துவிட்டுத்தான் போனாள்.

அது சித்திரை வெயில்.

இப்போது ஐப்பசி மழை. விளக்கு ஆரஞ்சாகவே எரிகிறது.

பேட்டரியைக் கழற்றினால், யார் உள்ளே, யார் வெளியே என்பதைப் பூட்டு மறந்துவிடும். கழற்றாவிட்டாலும் இன்றோ நாளையோ அணைந்துவிடும்.

மூடியைத் திறந்தான். ஒவ்வொன்றாக எடுத்தான்.

இரண்டு விளக்குகளும் அணைந்தன.

புதியவற்றைப் போட்டான். பூட்டு கொஞ்ச நேரம் யோசித்தது.

பச்சை.

பச்சை.

அவன் இதை மறந்தே போயிருந்தான். யார் எங்கே என்று நினைவில்லாத பூட்டு எதை நம்பித் தொடங்குவது என்று அலுவலகத்தில் கேட்டபோது, எல்லாரும் வீட்டில் இருப்பதாகவே தொடங்கட்டும் என்றாளாம். சிரித்துக்கொண்டே வந்து சொன்னாள்.

செருப்பை மாட்டினான். கதவைச் சாத்தி விரலை வைத்தான். அவனுடைய விளக்கு ஆரஞ்சாயிற்று.

தெருமுனைக் கடைவரை நடந்தான். ஒரு பால் பாக்கெட் வாங்கினான். நனைந்துகொண்டே திரும்பி வந்தான்.

அவளுடையது பச்சையாகவே இருந்தது.

கட்டைவிரலைச் சட்டையில் துடைத்தான். பூட்டில் வைக்கவில்லை.

மணியை அடித்துவிட்டு, ஈரத் தலைமுடியைக் கோதிச் சரிசெய்துகொண்டான்.