எலிக்காரரின் ஊமைத் துப்பாக்கி

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் என் மீசையை எடுத்துவிடுகிறேன்.

பண்ணைகளில் எலி ஒழிப்பதையே தொழிலாகக் கொண்ட எலிக்காரர் மீது, பக்கத்துக் கோழிப்பண்ணை அக்கா புகார் எழுதிப் போட்டிருந்தார். துப்பாக்கிச் சத்தத்தில் ஆறு மாதமாகக் கோழிகள் முட்டையிடுவதே இல்லையாம். அதிகாரி, சத்தம் அளக்கும் கருவியோடு எலிக்காரர் வேலை பார்க்கும் தானியக் கிடங்குக்கு வந்துவிட்டார்.

"முள்ளு அறுபதைத் தாண்டுச்சுன்னா உங்க தொழில் உரிமம் ரத்து."

"தாண்டாது சார். புதுசா சைலன்சர் மாட்டியிருக்கேன்."

மூட்டை மேல் உட்கார்ந்து தானியம் தின்றுகொண்டிருந்த பெருச்சாளியைக் குறிவைத்து, எலிக்காரர் விசையை மூன்று முறை அழுத்தினார். முள் அசையவில்லை. வேலிக்கு அப்பால் ஒரு கோழிகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

"அது இன்னும் தின்னுக்கிட்டுத்தானே இருக்கு?" என்றார் அதிகாரி.

"சத்தமே வரலையே சார். சுட்டது அதுக்கு எப்படித் தெரியும்?"

அக்காவுக்குப் பொறுக்கவில்லை. "நேத்து இவர் சுட்டப்போ எங்க வீட்டு ஜன்னலே அதிர்ந்துச்சு சார்."

"நேத்து சைலன்சர் மாட்டலக்கா" என்றார் எலிக்காரர், பணிவாக.

அதிகாரி பெருச்சாளியைப் பார்த்தார், படிவத்தைப் பார்த்தார். படிவத்தில் பெருச்சாளியைப் பற்றிக் கேள்வி எதுவும் இல்லை. 'சத்தம்: இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவர், இந்த சைலன்சரை மாவட்டம் முழுக்கக் கட்டாயமாக்கலாம் என்று ஒரு பரிந்துரையும் சேர்த்தார்.

எலிக்காரர் துப்பாக்கி வாங்கி ஆறு மாதமாகிறது. தோட்டா வாங்க அவர் கொடுத்த விண்ணப்பம் அந்த அதிகாரியின் மேசையில்தான் இன்னும் கிடக்கிறது.