ஒரே ஒரு ஸ்விட்ச்

மறுபடியும் மைக் செத்துப்போச்சு.

அதுவும் எந்த இடத்தில்? "ஆண்டவர் சிலருக்கு அஞ்சு தாலந்து, அஞ்சு திறமை கொடுத்தார். நம்ம சபையில ஒருத்தருக்கு ஒரே ஒரு ஸ்விட்ச்தான் கொடுத்தார்" என்று சொல்லிவிட்டு, போதகர் ஐயா கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்து, "அந்த ஒண்ணைக்கூட ஒழுங்கா—" என்று ஆரம்பித்த இடத்தில்!

டப்.

அப்புறம் அவர் தொண்டை கிழியக் கத்தியதெல்லாம் வீண். பதினாறு ஃபேன் ஓடுகிற கூடம். வெறும் தொண்டை எத்தனை வரிசை தாண்டும்? முன்வரிசையில் இருந்தது அவர் மனைவியும், காது மந்தமான மூன்று பெரியவர்களும்தான். ஐந்து நிமிடம் பொரிந்து தள்ளிவிட்டு, தண்ணீர் குடித்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "ஆகவே, பிரியமானவர்களே..." என்றார்.

மைக் கணீரென்று உயிர்த்தெழுந்தது.

ஆராதனை முடிந்ததும் ஐயா நேரே கடைசி வரிசைக்குப் போனார். மைக்செட்டுக்குப் பின்னால் ஒயர் உட்கார்ந்திருந்தார். பழைய ஃபேனுக்குக் காயில் கட்டுகிற கடை வைத்திருப்பவர். சபை மைக்செட்டைக் கூலி வாங்காமல் பார்த்துக்கொள்கிறவர். ஆளும் ஒயர் கணக்காய் இருப்பதால் அந்தப் பெயர்.

"என்னப்பா ஒயர், என்ன கூத்து இது?"

"லூஸ் கான்டாக்ட் ஐயா."

"அஞ்சு வருஷமாவா?"

"அது வந்து வந்து போகுதுங்க."

"எனக்குக் கோபமும்தான் வந்து வந்து போகுது. தெரியுமா?"

"தெரியும் ஐயா" என்றார் ஒயர், ரொம்பப் பணிவாக.

வீட்டுக்கு வந்தும் ஐயாவுக்கு ஆறவில்லை.

"அடுத்த ஞாயிறோட நான் இந்தச் சபைக்கு வந்து அஞ்சு வருஷம். ஸ்தோத்திரக் கூட்டத்துலயே அறிவிச்சிடறேன். மைக்குக்குப் புது ஆள்!"

"ஏங்க, பாவம். அந்த மைக்செட்டுன்னா அவருக்கு உசுரு. விட்டுடுங்களேன்."

"ஒப்படைச்சதைப் பார்த்துக்காத, உண்மையில்லாத உக்கிராணக்காரனுக்கு ஆண்டவரே சீட்டைக் கிழிச்சார். நான் எம்மாத்திரம்?"

மனைவி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளாக்கும் என்று ஐயா நினைத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை கூடம் நிரம்பி வழிந்தது. அறிவிப்பை எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஐயா மேடையில் உட்கார்ந்தார். பக்கத்து நாற்காலியில் மனைவி. முதலில் பேக்கரிக்காரர் மைக்கைப் பிடித்தார்.

"போன சபையை நான் ஏன் விட்டேன் தெரியுமா? லேட்டா வந்தேன்னு மேடையில வெச்சே மானத்தை வாங்கிட்டாங்க. விடியக்காலையில அடுப்பு மூட்டுறவன் எப்படிங்க சீக்கிரம் வர்றது? இங்கேயும் அஞ்சு வருஷமா லேட்டுதான். ஐயா வாயிலருந்து ஒரு கடுஞ்சொல்? ம்ஹூம்! மைக் செத்தாக்கூட விடமாட்டார். கை ரெண்டையும் ஆட்டி ஆட்டி நமக்காக ஜெபம் பண்ணுவார்!"

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. ஐயா திருதிருவென்று விழித்தார். பேக்கரிக்காரரை அவர் வாங்கு வாங்கென்று வாங்கியிருக்கிறார். 'பன்னு வெந்துடுது, ஆத்துமாதான் வேகமாட்டேங்குது' என்றுகூட ஒரு தடவை!

அடுத்து ஒரு நர்ஸ். "நைட் டியூட்டி முடிச்சிட்டு நேரா வர்றேனா, பிரசங்கத்துல தூங்கி விழுவேன். ஐயா ஒரு நாளும் குத்திக்காட்டினதில்லை."

அவள் குறட்டையை ஐயா விட்டே காட்டியிருக்கிறார். அப்போதும் அவள் தூங்கிக்கொண்டிருந்தாள், நல்லவேளை.

ஐயா மனைவியின் பக்கம் சாய்ந்தார். "ஏம்மா, நான் பேசினது இவங்க யாருக்குமே கேக்கலையா?"

"மைக் செத்துட்டா உங்க குரல் எனக்கு மட்டும்தாங்க கேக்கும். நான் வாங்கி வந்த வரம்."

அதற்குள் தையற்காரப் பெண் மைக்குக்கு வந்துவிட்டாள். இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டாள்.

"புருஷனைப் பிரிஞ்சப்புறம் இங்க முதல் நாள் வந்தேன். தூணுக்குப் பின்னாடி ஒளிஞ்சு உட்கார்ந்திருந்தேன். குடும்பத்தை உடைச்சவன்னு எல்லாரும் என்னைச் சொல்லிட்டாங்க. ஐயாவும் அந்த வார்த்தையைச் சொல்லியிருந்தா எழுந்து போயிருப்பேன். போயிருந்தா இன்னைக்கு உயிரோட இருந்திருக்க மாட்டேன். நடுவுல மைக் போச்சு. வந்ததும் ஐயா, 'பிரியமானவர்களே'ன்னார். அப்படியே உட்கார்ந்துட்டேன்."

ஐயாவுக்கு நினைவு வந்தது. அதே வார்த்தையைத்தான் அன்றைக்குச் சொன்னார். மூன்று தடவை சொன்னார்.

எழுந்து மைக்குக்குப் போனார். சட்டைப்பையில் இருந்த சீட்டை எடுத்துக் கசக்கினார்.

"பிரியமானவர்களே, நான் அறிவிக்க நினைச்சது வேற. ஆண்டவர் எனக்கு அஞ்சு தாலந்து கொடுத்தார். அஞ்சையும் நாக்குலயே கொடுத்துட்டார். கடைசி வரிசையில ஒருத்தருக்கு ஒரே ஒரு ஸ்விட்ச்தான் கொடுத்தார். யாரு உண்மையுள்ள உக்கிராணக்காரன்னு கேட்டீங்கன்னா..."

கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"சொல்லிடறேன். நான் ஒரு வாய்க்கொழுப்பெடுத்த, ஈவு இரக்கமில்லாத—"

டப்.

ஃபேன்கள் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. மேடையில் மனைவியின் தோள் குலுங்கியது. அது அழுகையில்லை என்று ஐயாவுக்கு இப்போது புரிந்தது.

கடைசி வரிசையில் ஒயர் எழுந்து நின்று, இரண்டு கையையும் விரித்தார்.

"லூஸ் கான்டாக்ட் ஐயா!"