நீவிய கை

தோட்டத்துச் சொட்டுநீர்க் குழாய் அடைத்துக்கொண்டால் சென்னியப்பன் அதை விரல்களால் அழுத்தி வழித்துக்கொண்டே போவான். உள்ளிருக்கும் பாசி நகர்ந்து நகர்ந்து முனையில் வந்து விழும். மனைவி வசந்தாமணியின் இடது கால் வீங்கி, வலி இடுப்புவரை ஏறியபோதும் அதையேதான் செய்தான். தினமும் எண்ணெய் தொட்டுக் கணுக்காலிலிருந்து தொடைவரை நீவினான். இன்று ஸ்கேன் திரையில் தொடையின் ரத்தக்குழாய் தெரிந்தது. அதற்குள் உறைந்து கிடந்த ரத்தத்தின் மேல்முனை மட்டும் எங்கும் ஒட்டாமல் மீன்வால்போல ஆடிக்கொண்டிருந்தது. சென்னியப்பன் தன்னை மறந்து குனிந்தான். "அந்த வாலு பிஞ்சா எங்கீங்க போவும்?" "நேரா நுரையீரலுக்கு. அங்க போய் அடைச்சா மூச்சு நின்னுரும்," என்றார் டாக்டரம்மா. "காலை யாரும் நீவி விடலையே?" வசந்தாமணி பெருமையாகச் சிரித்தாள். "நெதமும் இவருதானுங்க. அந்தக் கை பட்டாத்தான் எனக்குத் தூக்கமே வரும்." டாக்டரம்மா ஸ்கேன் கருவியைக் காலிலிருந்து மெல்ல எடுத்தார். காலை அசைக்க வேண்டாம் என்று மட்டும் எச்சரித்துவிட்டு, ஊசிக்குச் சொல்ல வேகமாக வெளியே போனார். "ஏனுங்க, அவங்க வர்றதுக்குள்ள கொஞ்சம் நீவி உடுங்க. இடுப்புக் கடுக்குது." அவன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். "அட, கைக்கு இத்தனை கிராக்கியாக்கும்!" என்று சிரித்தாள். சிரிப்பு பாதியில் இருமலாக மாறியது. கைகளை அவிழ்க்காமல், அந்த இருமல் நிற்பதற்காக அவன் காத்திருந்தான்.