ஐந்தாவது வாசல்

நல்லேப்பிள்ளியில், முத்தாத்தாள் ஆஸ்பத்திரியில் கிடந்த சமயம் பார்த்து அவள் வீட்டை மோகனசுந்தரம் இடித்துத் தள்ளினார். சேதி கேட்ட அன்றே அவள் போய்ச்சேர்ந்தாள். அந்த மண்ணில் அவர் கல்முற்றம் வைத்து ஒரு சொகுசு விடுதி கட்டினார். வரைபடம் கோமதி போட்டது. முற்றத்துக்கு நான்கு வாசல்கள்.

கல்வேலை முடிந்த மறுநாள் காலையில் ஐந்து வாசல்கள் இருந்தன.

“குனிஞ்சு நுழையற இந்த வாசலை நான் வரையலீங்க,” என்றாள் கோமதி.

மோகனசுந்தரம் மரநிலையைத் தடவிப் பார்த்தார். “இது முத்தாத்தா ஊட்டு நெலை, அம்மிணி. அடுப்புக்கு வெட்டிப் போடச் சொன்னதே நாந்தான்.”

“உள்ள வாங்க சாமி,” என்று ஒரு பெண்குரல் கூப்பிட்டது. அவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் குனிந்து நுழைந்தார்.

கோமதி எட்டிப் பார்ப்பதற்குள் அந்த இடம் வெறும் கல்சுவராகியிருந்தது. பதறிப்போய்ச் சுவரில் காதை வைத்தாள். உள்ளே ஜேசிபி உறுமியது.

“ஆள் இருக்குதுங்க, இடிக்காதீங்க!” என்று அவர் கத்திக்கொண்டிருந்தார்.